கல்மேல் வைத்த சிரட்டை

பேய்க்குப் பயப்படுவதெல்லாம் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்களுடைய வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு நான் படுத்த இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். யாங்கோனில் அலோன் படகுத்துறையில் அரிசி மூட்டைகளின் மேல் படுத்திருக்கிறேன். வடக்கே பச்சைக்கல் தோண்டும் மலையில், முந்தின நாள் மண் சரிந்து ஆட்களை மூடிய குழிக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். மலேசியாவில் போலீசுக்குப் பயந்து சீனர்களின் கல்லறை மேட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்திருக்கிறேன். எங்கேயும் எதுவும் வந்து என் காலைப் பிடித்து இழுத்ததில்லை, கொசுதான் கடித்தது. ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

இன்னொன்று. இந்த மாதிரி விஷயமெல்லாம் இருட்டில்தான் நடக்கும் என்பார்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், எல்லாம் நன்றாகத் தெரிகிற வெளிச்சத்தில். இருட்டாக இருந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

என் தங்கை வள்ளி. நகரத்து ஓரத்தில், லைங் தாயாவில் ஒரு துணித் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்காருகிறவள். அவள் புருஷன் கோ மியோ. அம்மா தமிழ், அப்பா பர்மாக்காரர், ஆகையால் தமிழ் பேசும்போது வழுக்கும் தரையில் நடக்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் கால் வைப்பார். ஆனால் என்னை ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மச்சான்தான். நானும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வேன். ஊரில் வாலிபர்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்க ஆரம்பித்த சமயம் அது. மாப்பிள்ளைக்குச் சரியாக அந்த வயது. வீட்டுக்கே வந்து பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் வள்ளி என்னைத் தேடிப் படகுத்துறைக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க ஊரு ஊரா சுத்தினவரு. இவரையும் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. எங்கன்னாலும் சரி. ஆனா கூட்டிட்டுப் போற மாதிரியே திருப்பிக் கொண்டாந்து என் கையில குடுக்கணும்."

"ஏன், அவரென்ன குடையா, எரவல் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுக்க?"

"குடைன்னா நீங்க தொலைச்சிடுவீங்க. அதனாலதான் சொல்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கன்னத்தில் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசியிருந்த தனகாப் பட்டை காய்ந்து வெடித்திருந்தது, அந்த வெடிப்பு வழியாகக் கண்ணீர் ஓடியது. நான் சரி என்றேன்.

எல்லையைத் தாண்டித் தாய்லாந்து போனோம். அங்கே ஒரு தரகன் எங்களைச் சூரை மீன் பிடிக்கிற ஒரு பெரிய படகில் ஏற்றிவிட்டான். பசிபிக் கடலுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் கரையைப் பார்க்க முடியாத படகு. அதை ஓட்டுகிறவனைத் தைக்கோங் என்போம், தாய்லாந்துப் படகுகளில் அப்படித்தான் கூப்பிடுவது. மீனை மேலே இழுத்துப் போட்டதும் மண்டையில் போட ஒரு கட்டை வைத்திருப்பான், எங்களையும் அதே கட்டையால்தான் அடிப்பான். மீனுக்கு ஒரு அடி, எங்களுக்கு அப்படி ஒரு வரையறை கிடையாது. உப்புத் தண்ணீரில் கையின் தோல் உரிந்துகொண்டே இருக்கும், உரிந்த இடத்தில் மறுபடி உப்பு. நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டோம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி. மாப்பிள்ளை என்னைவிட நன்றாகவே தாங்கினார். ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது போனை எடுத்து வள்ளியின் போட்டோவைப் பார்ப்பார். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று உடனே அணைத்துவிடுவார்.

ஒருநாள் இன்ஜின் படுத்துவிட்டது. உதிரி பாகம் வேறு கப்பலில் வரும் வரைக்கும் ஒரு தீவின் ஓரமாக நங்கூரம் போட்டு நின்றோம். அந்தத் தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். தகரக் கூரை வீடுகள், ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், பன்றிகள், பலாக்காய் மாதிரி காய்க்கிற மரங்கள். ஊருக்கு ஒரு தலைவர் இருந்தார். பரம்பரைத் தலைவர், எத்தனையோ தலைமுறைக்கு முந்திய ஒரு பெரிய தலைவனின் வாரிசு. பார்த்தால் வெளுத்துப்போன கால்பந்து சட்டை போட்டுக்கொண்டு நைலான் வலையைத் தைத்துக்கொண்டிருக்கிற ஒல்லி மனிதர். ஆனால் அவர் உட்கார்ந்தால் ஊரே உட்காரும். அவர் தலைக்கு மேல் ஒரு தலை தெரியக்கூடாது. கைக்குழந்தையைக்கூடத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டுதான் அவரைத் தாண்டுவார்கள்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், ரூத் என்று பெயர். பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. கொஞ்ச காலம் துறைமுகத்தில் சமையல்காரியாக இருந்தவள், எங்களுக்குத் தெரிந்த அதே உடைந்த கப்பல் இங்கிலீஷ் அவளுக்கும் தெரியும். முதல்நாள் எங்களைப் பார்த்ததும் அவள் கேட்டது: "உங்க கேப்டன் உங்களுக்குச் சோறு போடுறானா, இல்ல உங்களைத்தான் திங்கிறானா?"

தீவுக்கு எதிரில், கூப்பிடு தூரத்தில், இன்னொரு குட்டித் தீவு. அங்கே வீடு கிடையாது, தோட்டம் கிடையாது. யாரும் போவதில்லை. அந்தப் பெரிய தலைவனைப் புதைத்த இடம் என்று மட்டும் சொன்னார்கள்.

அன்றைக்குக் காலையில் தைக்கோங் எங்கள் இரண்டு பேரையும் தண்ணீர் எடுக்கக் கரைக்கு அனுப்பினான். ஊர் காலியாக இருந்தது. அதாவது ஆட்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், கதவு சாத்தியிருந்தது, ஒருவரும் வெளியே வரவில்லை. பன்றிகளைக்கூட அடைத்து வைத்திருந்தார்கள். ஏதோ நோன்பு என்று நினைத்துக்கொண்டோம். ஊற்று இருந்தது குட்டித் தீவைப் பார்த்த கடற்கரையில். போகிற வழியில், ஒரு பெரிய மரத்தடியில், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு தட்டைக் கல் நட்டிருந்தது. அதன் மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையில் கலங்கல் தண்ணீர்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாங்கோனில் எந்தத் தெருவில் நடந்தாலும் மரத்தடியில் ஒரு மேடை, அதன் மேல் மண்பானை, மூடி, டம்ளர். யேஓஸின் என்பார்கள். நம்முடைய தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான், ஆனால் கோடைக்கு மட்டும் இல்லை, வருஷம் முழுக்க. யாராவது புண்ணியத்துக்காக வைத்திருப்பார்கள், செத்துப்போனவர்கள் பெயரிலும் வைப்பார்கள். யார் வைத்தது, என்ன தண்ணீர் என்று ஒருவரும் கேட்பதில்லை. தாகம் எடுத்தால் குடிக்க வேண்டியது, வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போக வேண்டியது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வருகிற பழக்கம் அது. மரத்தடியில் கல்லின் மேல் தண்ணீரைப் பார்த்தால் யாங்கோன்காரனின் கை தானாகப் போகும்.

மாப்பிள்ளையின் கை போயிற்று.

"மச்சான், பாருங்க! இங்கயும் யேஓஸின்!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். படகில் ஏறிய பிறகு அந்த மாதிரி நான் பார்த்ததில்லை.

"மாப்ளே, கலங்கலா இருக்கே. ஊத்துக்குப் போயிக் குடிக்கலாமே."

"நம்ம ஆத்துத் தண்ணி மாதிரியே இருக்கு. அதைக் குடிச்சு வளர்ந்த வயிறு, ஒண்ணும் ஆகாது." ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "கசப்பு. நாக்கு மரத்துப்போச்சு, மச்சான். உங்களுக்கு மிச்சம் வைக்கல, மன்னிச்சிருங்க."

சிரட்டையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். வைத்த புண்ணியவான் யாரோ, அவர்களுக்காக.

கண்ணைத் திறந்தபோது ரூத் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எந்தப் பக்கமாக வந்தாள் தெரியாது. நாங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது, கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. காலிச் சிரட்டையைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

மாப்பிள்ளை சந்தோஷமாகப் போனை எடுத்து வள்ளியைக் காட்டினார். தனகா பூசிக்கொண்டு, வாடகை வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. ரூத் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெரிய உள்ளங்கையால் வள்ளியின் முகத்தை மூடினாள்.

"எங்க இருக்கா?"

"என் தங்கச்சி. யாங்கோன்ல இருக்கா. ரொம்ப தூரம்" என்றேன் நான்.

"ரொம்ப தூரமா?" என்றாள். நான் தலையாட்டினேன். "சரி. தூரம்னு நினைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே மாப்பிள்ளை தூங்க ஆரம்பித்தார். முதலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகியது. உதடு மரத்திருக்கிறது, கால் தன்னுடையது மாதிரி இல்லை என்றார், சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு படுத்தார். தைக்கோங் வந்து எழுந்திரு என்றான். எழவில்லை. காலால் உதைத்தான். கடல் தண்ணீரை வாளியில் மொண்டு முகத்தில் ஊற்றினான். பிறகு அந்தக் கட்டையை எடுத்தான். நான் குறுக்கே விழுந்தேன், எனக்கும் விழுந்தது, அதில் இந்தத் தோளை இன்றைக்கும் முழுசாக மேலே தூக்க வராது. விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தூளியில் கிடக்கிற குழந்தை மாதிரி உதடு லேசாகச் சிரித்தபடி இருந்தது. நம்புங்கள், அடித்த தைக்கோங்கே பயந்துபோய்க் கட்டையைக் கீழே போட்டான்.

மறுநாள் விடிந்தபோது மூச்சு இல்லை.

அடியால்தான் செத்தார் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடலை மீன் வைக்கிற ஐஸ் அறையில் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மீனுக்கே இடமில்லை, கடலில் போடு என்றான் தைக்கோங். கல்லைக்கூடக் கட்டிவிட்டார்கள். அப்போது கரையிலிருந்து ஒரு தோணி வந்தது. ஒல்லித் தலைவர் அதே கால்பந்து சட்டையில் உட்கார்ந்திருந்தார், ரூத் துடுப்புப் போட்டாள். யாரும் போய் அவர்களுக்குச் சொல்லவில்லை. தலைவர் ஏதோ சொன்னார், ரூத் அதைத் தைக்கோங்கிடம் இங்கிலீஷில் சொன்னாள். "அந்த ஆளை எங்ககிட்ட குடுத்துடு. எங்க தண்ணியைக் குடிச்சவன்." தைக்கோங் யோசித்தான். தோணியில் பச்சை இளநீர்க் குலைகளும் வாழைத்தாரும் இருந்தன. அதைக் கை காட்டினான். கொடுத்தார்கள். என் தங்கை புருஷனை இளநீருக்கு மாற்றிக்கொண்டான். குலைகள் படகில் ஏறின உடனேயே ஒன்றை வெட்டிக் குடிக்கவும் செய்தான்.

நானும் தோணியில் ஏறிக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை.

குட்டித் தீவுக்குத்தான் கொண்டுபோனார்கள். காட்டுக்குள் ஒரு வெட்டவெளி. வட்டமாகக் கற்கள் நட்டிருந்தன, சில என் உயரம், நடுவில் பெரிய சங்குகள் மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. பறவைச் சத்தம் இல்லை. தரை முழுக்கப் பவளம் உடைந்த வெள்ளை மணல், உச்சி வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வட்டத்தின் ஓரத்தில் ஏற்கெனவே குழி வெட்டியிருந்தது. மாப்பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள், மரியாதையாகத்தான், கையை நேராக வைத்து, தலையைக் கிழக்கே திருப்பி. மண்ணைத் தள்ளினார்கள். ஆனால் அவருக்கு இடது பக்கத்தில் குழி அகலமாக இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் கெட்டியாக மூடாமல் மணலை மெதுவாகத் தூவினார்கள். ரூத் முழங்காலிட்டு உட்கார்ந்து, பாய் விரித்துச் சுருக்கம் நீக்குகிற மாதிரி அந்த இடத்தைக் கையால் தடவிச் சமப்படுத்தினாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"அவ வந்தா படுக்க இடம் வேணாமா?"

திரும்பி வந்த பிறகு பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார வைத்து அவள் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெரிய தலைவன் செத்தபோது ஒவ்வொரு குலத்திலிருந்தும் ஒரு ஜோடி அவனோடு போனதாம். உயிரோடு. ஆண்களுக்கு முதலில் கவா என்கிற கிழங்கை இடித்துப் பிழிந்த சாற்றைச் சிரட்டையில் கொடுத்தார்களாம். குடித்தவர்கள் தூங்கிப்போனார்கள், மண் விழுந்தது தெரியாது. வருஷத்தில் ஒருநாள் அந்தக் கல்லின் மேல் சிரட்டை வைப்பது அவர்கள் நினைவாகத்தான். ஊரில் எவனும் அன்றைக்குக் கதவைத் திறக்கமாட்டான். குடிப்பவன் போகிறவன் என்று அர்த்தம்.

"அப்ப பொம்பளைங்களுக்கு?"

ரூத் பள்ளிக்கூடத்துச் சுவரைக் காட்டினாள். எப்போதோ வெளிநாட்டுக்காரர்கள் வந்து தோண்டிப் பார்த்தபோது எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எலும்புகள். ஆண்கள் நேராக மல்லாக்கப் படுத்திருந்தார்கள், நல்ல தூக்கம் மாதிரி. பெண்கள் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, புருஷன் மேல் கையைப் போட்டு. ஒருத்தியின் விரல் எலும்புகள் அவன் கை எலும்பைச் சுற்றி இறுகியிருந்தன. எல்லாப் பெண்களுக்கும் வாய் திறந்திருந்தது.

"எங்க பிள்ளைங்க இதைப் பார்த்துக்கிட்டுத்தான் எழுதப் படிக்கக் கத்துக்குது" என்று சொல்லி ரூத் சிரித்தாள். "பொம்பளைங்களுக்குக் குடுக்கல. பொம்பளை கவா குடிக்கக் கூடாது. பழக்கம்."

"சாகப்போறவளுக்குக் கூடவா?"

"பழக்கம்னா பழக்கம்தான்."

பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இலையில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். காய்ந்த கிழங்குத் துண்டுகள். அண்ணனுக்குத் தெரிந்தால் தன்னை ஊரை விட்டே அனுப்பிவிடுவார் என்றாள். "உன் தங்கச்சி கேட்பா. கேட்டா இடிச்சுப் பிழிஞ்சு குடு. தூங்கிடுவா, ஒண்ணும் தெரியாது. எங்க பொம்பளைங்களுக்குத்தான் கிடைக்கல."

அவள் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். ஏன் பைக்குள் வைத்தேன் என்று தெரியவில்லை.

உதிரி பாகம் வந்தது, படகு கிளம்பியது. கரையைப் பார்க்க மாதங்கள் ஆயின. எனக்குப் போன் இல்லை, மாப்பிள்ளையின் போனைத் தைக்கோங் எடுத்துக்கொண்டான். வள்ளிக்கு ஒரு வார்த்தை அனுப்ப வழியில்லை. எப்படியோ ஒரு துறைமுகத்தில் இறங்கித் தப்பித்து, வந்த வழியெல்லாம் திரும்பி வந்து, ஒரு காலை வேளையில் லைங் தாயாவில் அவள் இருந்த சந்துக்குள் நுழைந்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழி முழுக்கப் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடலில் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை, நல்லபடியாக அடக்கம் செய்தோம், இதுதான் நான் தயார் செய்தது.

அவள் வீட்டு வாசலில் புதிதாக ஒரு யேஓஸின் இருந்தது. இரண்டு மண்பானை, ஒரு டம்ளர், மேடையில் வெள்ளைப் பெயிண்டில் பர்மிய எழுத்து. கோ மியோவின் நினைவாக.

வள்ளி வெளியே வந்தாள். அழவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள், கண்கள் சிவந்து பெரிதாக இருந்தன. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று சும்மா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, குடையைத் தொலைச்சிட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். தயார் செய்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன், அதை மட்டும்தான் சொன்னேன். சிரட்டை, கல், குழி, பெண்கள், எதையும் சொல்லவில்லை. அவளிடம் என்றில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவள் சொன்னது இது. ஒருநாள் காலையில் தொழிற்சாலையில் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் யாரோ மண்ணை வாரிப் போட்ட மாதிரி இருந்திருக்கிறது. மூச்சு அடைத்து, இருமி, தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையின் மேல் வாயிலிருந்து மணல் கொட்டியிருக்கிறது. பக்கத்து மெஷின்காரிகள் எழுந்து ஓடிவிட்டார்கள். மேற்பார்வைக்காரி வந்து, சட்டையை நாசம் பண்ணிவிட்டாய் என்று அறைந்து, கொட்டியதை அவளையே கூட்டச் சொல்லியிருக்கிறாள். கூட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்து தைத்தாளாம். வரிசைக்குக் கொடுத்த வேலை முடியாமல் எழக்கூடாது. அவள் சொன்ன கிழமையையும் நேரத்தையும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் அங்கே உச்சி வெயிலில் நின்றபோது இங்கே காலை.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் கிடையாது. கொஞ்சமாகத் தூங்குகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். கிடையவே கிடையாது. வேலை போயிற்று. அலோனில் நான் எடுத்த அறைக்கு அழைத்து வந்தேன், படகுத்துறைக்குப் பக்கம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், அதை விழுங்கிவிட்டு விடிய விடிய கூரையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு டோ கின் நல்ல மாதிரி, பிக்குகளை வரவழைத்து ஓத வைத்தாள். காளி கோவில் பூசாரி திருநீறு போட்டு எலுமிச்சம்பழம் வெட்டினார். எல்லாரையும் வள்ளி மரியாதையாகக் கும்பிட்டாள், தேநீர் கொடுத்தாள், தூங்கவில்லை.

தலை வாரும்போது மணல் விழும். வெள்ளை மணல். எங்கள் ஆற்று மணல் பழுப்பு நிறம், சேறு கலந்தது, யாங்கோனில் எங்கே தோண்டினாலும் அந்த வெள்ளை வராது. டோ கின் அதைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று கூரையைத் திட்டினாள். கூரை தகரம்.

தினமும் உச்சிப் பொழுதுக்குச் சரக்கு இறக்கிவிட்டுச் சாப்பிட வருவேன். அந்த நேரத்தில் அவள் படுத்திருப்பாள். எப்போதும் வலது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. இடது கையை முன்னால் நீட்டிப் போட்டிருப்பாள். முதல்நாள் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். கை பாயில் படவில்லை. பாய்க்கு மேலே, ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில், எதன் மேலோ சாய்ந்திருக்கிற மாதிரி அப்படியே நின்றது. நடுங்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் இப்போதே ஒருக்களித்துப் படுத்துக் கையை அப்படி வைத்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் முடிகிறது என்று. அவள் மணிக்கணக்கில் வைத்திருக்கிறாள். நான் தைரியம் வந்து ஒருநாள் அந்த இடைவெளிக்குள் என் கையை விட்டேன். ஒன்றுமில்லை. காற்றுதான். ஆனால் வெளியில் வெயில் கொளுத்துகிறபோது அந்த இடம் மட்டும் குழிக்குள் இருக்கிற மாதிரி சில்லென்று இருந்தது.

ரூத் கொடுத்த பொட்டலம் அலமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. எடுப்பேன், பார்ப்பேன், திருப்பி வைப்பேன். கொடுத்தால் தூங்கிவிடுவாள். எந்தத் தூக்கம் என்று எனக்குத் தெரியும், மாப்பிள்ளையின் உதட்டில் அதைப் பார்த்தவன் நான். கொடுக்காவிட்டால் இப்படியே, கண்ணைத் திறந்துகொண்டு, மண்ணுக்குள். ஆற்றில் எறிந்துவிடலாம் என்று படகுத்துறைக்கு எடுத்துப்போய்க்கூட இருக்கிறேன். கலங்கல் தண்ணீரைப் பார்த்ததும் எறியவில்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

போன வாரம் மத்தியானம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வள்ளி அதே மாதிரி படுத்திருந்தாள். என்னைப் பார்க்காமல், அந்தக் கைக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாக, கடையில் இருந்து ஏதோ வாங்கி வரச் சொல்கிற குரலில் கேட்டாள்.

"அண்ணே, அவருக்குக் குடுத்தாங்கல்ல, எனக்கும் ஒரு வாய் குடுங்களேன்."

தட்டைக் கீழே வைத்தேன். "என்ன குடுத்தாங்க? யாருக்கு? என்ன பேசற நீ?"

"இல்லேன்னா பரவாயில்லண்ணே" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "இங்க இருக்கற பொம்பளைங்க யாருக்குமே குடுக்கலையாம்."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.